வெய்க்காவின் இடது கை

கையுறையைப் போடும்போதே வெய்க்கா ஹர்யுலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அணியின் கூடாரத்துக்குப் பின்னால், டயர் அடுக்குக்கும் வேனுக்கும் நடுவில் ஒளிந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இடது கட்டைவிரலை உள்ளே நுழைத்தான். மணிக்கட்டு வீங்கி, தொட்டால் சுட்டது.

நேற்றைய பந்தயத்தில் ஆனது. யெஸ்பர் லிண்ட்ரூஸின் பின்சக்கரம் இவனுடைய முன்சக்கரத்தில் இடித்தது. ஸ்டீயரிங் சடாரென்று சுழன்றது. அந்த நொடியில் கையை விட்டுவிட வேண்டும். குட்டிக் கார்ட் வண்டி ஓட்டிய சின்ன வயதிலேயே எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம் அது. வெய்க்கா விடவில்லை. விட்டால் இடம் போய்விடுமே என்ற பயம். இடம் போகவில்லை, கைக்குள்தான் ஏதோ 'டக்'கென்றது.

கோடை முழுக்க ஃபார்முலா 4 கார்ப் பந்தயத் தொடரில் அவனும் யெஸ்பரும் மாறி மாறி ஜெயித்து வந்திருந்தார்கள். அஹ்வெனிஸ்தோ பந்தயத் தடத்தில் இன்று நடப்பது கடைசிப் பந்தயம். இருவரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குத்தான் பட்டம். பட்டம் வாங்குகிறவனை ஸ்பெயினில் ஒரு ஃபார்முலா 3 அணி குளிர்காலச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது. வெய்க்காவுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் அடுத்த வருஷம் என்பது இல்லவே இல்லாத ஒன்று.

மழை வந்தால் ஸ்டீயரிங் லேசாகும் என்று காலையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேகம் தாம்பெரே நகரத்துப் பக்கம் போய்விட்டது. பாதை காய்ந்து பளிச்சென்று கிடந்தது.

பந்தய மருத்துவர் சவேலா கூடாரத்துக்கே வந்துவிட்டார்.

"நேத்து இடி வாங்கினது நீதானே? கையக் காட்டு."

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"ஒண்ணுமில்லையான்னு நான் சொல்றேன். என் விரலப் பிடிச்சு அழுத்து. ரெண்டு கையாலயும்."

சாப்பிட்ட வலிமாத்திரைகளை நம்பி அழுத்தினான். காதுக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டது. முகத்தை மட்டும் அசையவிடவில்லை. மருத்துவர் அவன் கண்ணையே பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போனார்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவனுடைய அக்கா ஓனா. காரின் பொறியாளர் அவள்தான். பந்தயத்தில் ரேடியோவில் அவன் காதில் கேட்கிற ஒரே குரலும் அவளுடையது.

"காலையில காபிய வலது கையால வாங்கின. கப்பக் கீழ வச்சிட்டுப் பன்னையும் அதே கையால எடுத்த," என்றாள். "நீ இடதுகைக்காரன்டா."

"ஆரம்பிச்சிட்டியா? போய் டயர் காத்தப் பாரு."

"வெய்க்கா."

"சுளுக்குதான். விடு, ஓனா."

அவள் விடவில்லை, ஆனால் காரை வரிசைக்குக் கொண்டுபோகும்படி அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

தொடக்க விளக்குகள் அணைந்ததும் வெய்க்கா பாய்ந்தான். முதல் வளைவுக்கு யெஸ்பருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து பைன் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக ஓடும் ஒடுங்கிய பாதையில் முந்துவதற்கு இடம் குறைவு. முன்னால் இருந்தால் போதும், அடைத்துக்கொண்டே ஓட்டிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தான்.

இடப்பக்க வளைவுகளில் வலது கையால் சமாளித்தான். வலப்பக்கம் திரும்பும்போதுதான் இடது கை தள்ள வேண்டும். கியரைக் குறைக்கும் நெம்புகோலும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு முறையும் விரலை மடக்க, எலும்புக்குள் யாரோ ஆணியைத் திருகுவதுபோல் இருந்தது. தலைக்கவசத்துக்குள் சத்தமாகவே கத்தினான். ரேடியோ பொத்தானைத் தொடவில்லை.

பாதிப் பந்தயத்தில் ஓனாவின் குரல் வந்தது. "கியர் லேட்டா குறையுது. கார்ல பிரச்சனையா?"

"கார் நல்லாருக்கு."

"அப்ப கைதான்."

கண்ணாடியில் யெஸ்பரின் நீலக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"கேளு," என்றாள் ஓனா. "இப்பவே நடுவர்கள்கிட்ட சொல்லி உன்ன வெளிய இழுத்துடுவேன். சொல்லாம இருக்கணும்னா ஒண்ணு. ஒவ்வொரு சுத்துலயும் கேப்பேன், பிடிக்க முடியுதான்னு. உண்மையச் சொல்லணும்."

"சரி."

"பிடிக்க முடியுதா?"

"முடியுது."

அது உண்மைதான். அடுத்த சுற்றிலும் உண்மைதான். அதற்கடுத்ததில் விரல்கள் மரத்துப்போயின. வலி குறைந்தது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. கை ஸ்டீயரிங்கின் மேல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

"பிடிக்க முடியுதா?"

"முடியுது," என்று பொய் சொன்னான்.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று. காட்டுக்குள் சரியும் இறக்கத்தின் அடியில் வேகமான வலப்பக்க வளைவு. அதற்கு வெளியே சில அடி புல், பிறகு இரும்புத் தடுப்பு. இறக்கத்தின் உச்சியில் யெஸ்பர் வெளிப்பக்கம் மூக்கை நுழைத்துவிட்டான். இரண்டு கார்களும் சக்கரத்தோடு சக்கரமாக இறங்கின. வெய்க்கா உட்பக்கத்தில் விடாமல் நின்றால் யெஸ்பர்தான் பின்வாங்க வேண்டும். கோடை முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது. இவன் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று யெஸ்பருக்குத் தெரியும்.

வளைவு நெருங்கியது. இடது கையால் தள்ளிப் பார்த்தான். கை நழுவியது. மறுபடி வைத்தான், மறுபடி நழுவியது.

பக்கத்தில் யெஸ்பரின் தலைக்கவசம் தெரிந்தது. தொட்டுவிடும் தூரம். நடு வளைவில் கை போனால் கார் எங்கே பாயும் என்று வெய்க்காவுக்குத் தெரிந்தது. தனியாகப் பாயாது.

"பெர்கெலே!" என்று கெட்ட வார்த்தையில் கத்தியபடி பிரேக்கை மிதித்தான்.

நீலக் கார் முன்னால் பறந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு பேர் கடந்துபோனார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றாள் ஓனா.

"முடியல, ஓனா. போன சுத்துலயே முடியல."

நான்காவதாக முடித்தான்.

காரை நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். வெற்றி மாலையைக் கழுத்தில் போட்டபடியே யெஸ்பர் ஓடிவந்தான். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"என்னடா பண்ண? பிச்சை போடுறியா? நீ பிரேக் அடிக்கிற இடமா அது?"

வெய்க்கா கையுறையைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. யெஸ்பர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான்.

"நேத்து... நான் இடிச்சதாலயா?"

"நான் கைய விடல. என் முட்டாள்தனம்."

"இதோடயா என் பக்கத்துல ஓட்டிட்டு வந்த?" யெஸ்பரின் முகம் வெளுத்தது. "கொன்னிருப்படா என்னை."

"ஆமா," என்றான் வெய்க்கா.

யெஸ்பர் கை கொடுக்கவில்லை. ஆனால் மருத்துவரைக் கூட்டிவர ஓடியது அவன்தான்.

சவேலா கத்தரிக்கோலால் கையுறையை வெட்டினார். திட்டவில்லை. "என்னை ஏமாத்திட்ட. அடுத்தவாட்டி உன் பேச்ச நம்ப மாட்டேன்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

மருத்துவமனைக்கு ஓனாதான் ஓட்டிப்போனாள். ஊர் எல்லையில் வண்டியை ஓரம்கட்டி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள்.

"நானும் சேந்துதான் பண்ணேன்," என்றாள். "முதல்லயே இழுத்திருக்கணும். எனக்கும் அந்தப் பட்டம் வேணும்னு இருந்துச்சு."

அவன் வலது கையை அவள் முதுகில் வைத்தான்.

எலும்பில் திருகாணி வைத்தார்கள். ஸ்பெயினுக்கு யெஸ்பர் போனான். அங்கே அவன் நன்றாக ஓட்டியதாகச் செய்தி வந்த நாளில் வெய்க்கா சாப்பிடாமல் சவுனா நீராவி அறையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஏப்ரலில், ஓரங்களில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தபோது, ஒரு சின்ன அணியின் பழைய காரில் அதே தொடருக்குத் திரும்பினான். முதல் பயிற்சியில் ஒன்பதாவது இடம். கை வலிக்கவில்லை, பயம்தான் வலித்தது. வலப்பக்க வளைவுகளில் எல்லாம் சீக்கிரமே பிரேக்கைத் தொட்டான்.

"நீ எங்க பயப்படுறன்னு தெரியுது," என்றாள் ஓனா ரேடியோவில், காரின் ஓட்டத்தைக் காட்டும் திரையைப் பார்த்தபடி.

"எனக்கும் தெரியுது. உண்மையாவே பயமாருக்கு."

"சரி. உள்ள வரியா?"

"இல்ல. இன்னும் ஒரு சுத்து போறேன்."