அதிகம் ஓட்டியவர்

கறுப்புக் காலணியில் ஒற்றைக் காலை மட்டும் நுழைத்தபடி, கெய்லி ஃபோனைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். இன்சூரன்ஸ்காரர்கள் பத்து நிமிடமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் கேட்கிற பாட்டா அது! பதினொரு மணிக்கு அப்பாவின் சவப்பெட்டியோடு வண்டி வாசலுக்கு வந்துவிடும். அதன் பின்னால் தன் சின்னச் சிவப்புக் காரைத் தானே ஓட்டிப் போகவேண்டும். அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"வச்சிட்டுக் கிளம்பு புள்ள," என்றார் கிளைவ் சித்தப்பா. "இந்த ஹாலிஃபாக்ஸ் ஊர்ல சவ ஊர்வலத்தை மறிச்சு எந்தப் போலீஸ்காரன் பேப்பர் கேக்கப் போறான்?"

"பாலிசி அப்பா பேர்ல இருக்கு. அது செல்லுமான்னே தெரியாம, அவர் பின்னாடியே திருட்டுத்தனமா ஓட்டச் சொல்றீங்களா?"

ஆதியில் பாலிசியை அப்பா பேரில் போடுகிற யோசனையே சித்தப்பாவுடையதுதான். பதினேழு வயதில் அவள் லைசென்ஸ் வாங்கியபோது, அவள் பேரில் போட்டால் மூன்று மடங்கு கட்டணம் கேட்டார்கள். "உன் பேர்ல போடுண்ணே. முப்பது வருஷமா பஸ் ஓட்டுறே, ஒரு கீறல் உண்டா? அதிகமா ஓட்டுறது நீதான்னு எழுதிட்டு, புள்ளைய ரெண்டாவது டிரைவராப் போடு. ஊரே இதைத்தான செய்யுது!" அப்பா பேனாவை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே தொல்லை ஆரம்பித்தது. காலையில் சாவி அவர் கையில். கல்லூரியில் கொண்டுபோய் விட்டார். நாள் முழுக்கப் பஸ் ஓட்டிய அலுப்போடு சாயங்காலம் வந்து கூட்டிப்போனார். "பெல்ட்டு" என்பார், அவள் மாட்டிய சத்தம் கேட்டால்தான் வண்டி நகரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாவி அவளுக்கு. "உன் டிரைவர் வந்துட்டாருடி" என்று தோழிகள் கேலி செய்தார்கள். தன் ஓட்டத்தை அவர் நம்பவில்லை என்று இரண்டு வருடமாக அவளுக்கு வயிற்றெரிச்சல். கடைசியாக அவரிடம் பேசியதும் அதைத்தான்: "நம்பிக்கை இல்லைன்னா எதுக்குப்பா கார் வாங்கிக் குடுத்தே?" அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பஸ் டெப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பாட்டு நின்றது. அப்பா இறந்ததைச் சொன்னதும், மறுமுனையில் ஒரு பெண் வருத்தம் தெரிவித்துவிட்டுக் கேட்டாள்: "பதிவுக்காகக் கேக்கறேன் மேடம். அந்தக் காரை அதிகமா ஓட்டினது யாரு?"

கெய்லி ஃபோனைக் கையால் பொத்தினாள். "அம்மா, அப்பாவை எரிக்கப்போற நாள்ல அவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லமாட்டேன். அவர் ஏமாத்தினார்னும் என்னால சொல்ல முடியாது. நான் என்ன பண்ண?"

சாண்ட்விச் தட்டை மூடிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"இதுல பொய் எங்கடி இருக்கு? கையெழுத்துப் போட்ட அன்னிக்கு உங்கப்பாவுக்குப் பொட்டுத் தூக்கமில்ல. 'எழுதிக் குடுத்துட்டேன் லொரேன், இனிமே நான்தான் ஓட்டணும்'னாரு. சொன்னா நீ காரே வேணாம்பேன்னு உன்கிட்ட மறைச்சாரு. வாரத்துல ஆறு நாள் ஓட்டினது யாரு, நீயா?"

சித்தப்பா டையைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பாதாங்க," என்றாள் கெய்லி, ஃபோனிலிருந்து கையை எடுத்து. "நிஜமாவே அப்பாதான்."

"மன்னிச்சுக்குங்க மேடம். அவரோடவே பாலிசியும் முடிஞ்சிடுச்சு. இனி அந்தப் பாலிசியில நீங்க ஓட்டக்கூடாது."

"சரிங்க. ஓட்டமாட்டேன்."

சித்தப்பாவோடு அவர் காரில் வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, இன்னொரு காலணியையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா போய்ப் பன்னிரண்டு நாளாக யாரும் தொடாத கார். அப்பாவின் நீளக் கால்களுக்காக டிரைவர் சீட் பின்னால் தள்ளியே இருந்தது. இடதுபக்கக் கதவைத் திறந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காரும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

தெருமுனையில் கறுப்பு வண்டி மெதுவாகத் திரும்பியது. கெய்லி பெல்ட்டை இழுத்து, சத்தம் வரும்படி மாட்டினாள்.