மேல்படுக்கை

"நீ முதல்ல டீ போட்டுக் குடி. நான் மெதுவா இறங்கி வரேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அவள் கணவர் விடிந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. மனுஷன் இறங்கினபாடில்லை.

வாடகைக்கு எடுத்த கேரவன் அது. உள்ளே அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, மடித்தால் மேஜையாகவும் விரித்தால் கட்டிலாகவும் ஆகிற ஒரு பலகை உண்டு. போதாததற்கு ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. ஏணி வைத்து ஏற வேண்டும், ஏறினால் தவழ வேண்டும், உட்கார்ந்தால் கூரை இடிக்கும். கீழே இரண்டு பேரும் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் அவர் முதல் நாளே "பரண் எனக்கு" என்று சின்னப்பிள்ளை போல ஏறிவிட்டார். தலைமாட்டில் ஒரு ஜன்னல் இருந்ததுதான் காரணம். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவர். வயசெல்லாம் நாலு சுவருக்கு நடுவே, கிரீஸ் வாடையில், இருட்டில் தொங்கிக்கொண்டே போய்விட்டது. அவளுக்கோ ஒரு கடையில் கர்ட்டன் தைக்கிற வேலை. ஊரார் ஜன்னலையெல்லாம் அளந்தாளே தவிர, எந்த ஜன்னல் வழியாகவும் நின்று பார்த்ததில்லை. அவருக்கு ஓய்வு கிடைத்த கையோடு, மலையும் ஏரியுமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். "நத்தை ஜோடி கிளம்பிடுச்சு" என்று அவள் தம்பி வழியனுப்பும்போது கேலி செய்தான். "வாடகை நத்தைடா" என்றார் இவர்.

நேற்று சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும், தண்ணீர்க் கேனைத் தூக்கினார். தூக்கின இடத்திலேயே குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிடிப்பு என்றார். இன்றைக்காவது கீழேயே படுங்கள் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏணி ஏறினார். இப்போது பல்லைக் கடிக்க வேண்டிய அவசியமே இல்லை போலிருந்தது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வலியே இல்லை என்றார். அதைக் கேட்டுத்தான் அவள் செருப்பைக் கழற்றினாள்.

ஏணியில் ஏறினாள். படுக்கையின் விளிம்பில் அவர் பாதங்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. முகம் அந்தக் கோடியில், ஜன்னல் பக்கம்.

"காலைத் தொடறேன். தெரியுதான்னு சொல்லுங்க."

"தெரியுது, தெரியுது."

அவள் இன்னும் தொடவில்லை. இரண்டு கையும் ஏணிக் கம்பியில்தான் இருந்தன.

பிறகு தொட்டாள். நகம் பதியக் கிள்ளினாள். அடுத்த காலையும் கிள்ளினாள். இரண்டும் அசையவில்லை. அவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் மதிலுக்கு மேலே பேசுகிற மாதிரி, "ஆமா, உங்க கடைக்கு அந்த நீலத்துணி வந்து கெடந்துச்சே, வித்துப் போச்சா?" என்றார்.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசுகிற குரல். சாப்பிட உட்காரும்போது அதைப் பற்றி எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறார். பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லவே கூடாதாம், அதைச் சொன்னால்தான் பயமே வருமாம். பையில் என்ன காய், பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடக் கூடாதாம். ஒரு தரம் வீட்டிலிருந்தே போனில் யாரோ ஒரு பெண்ணிடம் அப்படிப் பேசியதை அவள் பார்த்திருக்கிறாள். குரல் தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. சட்டைப் பித்தானைப் போட முடியாமல் விரல்கள் மட்டும் உதறிக்கொண்டிருந்தன.

இப்போது அவர் கைகள் போர்வைக்குள் இருந்தன.

மலைகளுக்கு நடுவே போனில் சிக்னல் இல்லை. அவளுக்குத் தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. ரோட்டுக்குப் போய் யாரையாவது கூட்டிவருகிறேன் என்றாள்.

"போயிட்டு வா. என்ன அவசரம்? நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார் அதே குரலில்.

ரோடு பத்தடி மேலேதான். வெயில் இளசாக இருந்தது. ஏரி ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. வளைவில் ஒரு கேரவன் வந்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். கேரவன்காரர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம் உண்டு, எதிரே வந்தால் தெரிந்தவரோ தெரியாதவரோ கைகாட்டிக்கொள்வார்கள். கீழே நிற்கிற வண்டியைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், நம்ம கூட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்து வந்தவர்கள் ஹாரனும் அடித்தார்கள். பின் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை, வளைவில் மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனது. அவள் கத்தினாள். என்ன கத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன்பின் ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டாள். பால் வண்டி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. இறங்கின ஆள், சாகறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா என்று வைய வாயெடுத்தவர், இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கூடவே வந்து ஏணியில் ஏறிப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. எடம்தான் கொஞ்சம் நெருக்கம்" என்று லிஃப்ட்காரர் விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி வரவேற்றார். "ஏம்மா, அவருக்கு டீ குடுத்தியா?"

பால்காரர் இறங்கி வந்து அவளை வெளியே அழைத்துப் போனார். இவரை அசைக்கவே கூடாது, முதுகெலும்பு சமாச்சாரம் என்றார். கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால்தான் போன் எடுக்கும், போய் ஆம்புலன்சுக்குச் சொல்லுகிறேன் என்றார். அவர்கள் வந்து இவரை எப்படி இறக்குவார்கள் என்று அவள் கேட்டாள். அவர் கதவை அளப்பது போலப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "சொல்லிட்டு வந்துடறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மேலே ஏறி, மெலிந்து, இல்லாமல் போயிற்று.

அவள் திரும்ப ஏணியில் ஏறி நின்றாள்.

"எவ்வளவு நேரமாகும்னு சொன்னாரா?" என்றார். இது அந்தக் குரல் இல்லை. கதவுக்கு உள்ளே இருந்து வருகிற குரல்.

அவள் ஏணிக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"அந்த நீலத்துணி இன்னும் போகலைங்க. கண்ணுக்கு அடிக்குதுன்னு எல்லாரும் தள்ளிவிட்டுடறாங்க. மொதலாளி அதை நீயே புடவை மாதிரி சுத்திக்கோன்னு கிண்டல் பண்றாரு."

அவர் தலையை அவள் பக்கம் திருப்பப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

"நல்லாத்தான் பேசற" என்றார்.

"நீங்க சொல்லுங்க. ஜன்னல்ல என்ன தெரியுது?"

சொல்ல ஆரம்பித்தார். ஒரு படகு, அதில் ஒரே ஒரு ஆள். வலையா கயிறா தெரியவில்லை, எதையோ இழுத்துக்கொண்டே இருக்கிறான். வரவே மாட்டேன் என்கிறது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி இழுக்கிறான், கிறுக்கன், வெட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே.

ஏரிப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. அவள் ஏணியில் நின்றபடியே அவர் கால்மாட்டுப் பையிலிருந்து காலுறைகளை எடுத்தாள். ஒரு பாதத்தைத் தூக்கி மடியில் வைப்பது போலக் கையில் ஏந்தி, விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, குதிகால்வரை இழுத்துவிட்டாள். அடுத்ததையும் மாட்டினாள். மடிப்பு இல்லாமல் நீவிவிட்டாள். படகுக்காரன் மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு எந்த இடத்திலும் நிற்கவில்லை.