திகதி கட்டாயமில்லை

காலை பத்தரைக்கு வந்த மின்னஞ்சல் வாழ்த்தோடு தொடங்கியிருந்தது. தாய்மைக்காக வேலையிலிருந்து விலகும் நதீராவின் முடிவை நிறுவனம் மதிக்கிறதாம். ஆகவே மாத முடிவோடு தீரும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லையாம். குழந்தைக்கு அன்பு வாழ்த்துகளாம். நதீரா மூன்று தரம் வாசித்தாள். விலகுவதாக அவள் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் குழந்தையும் இல்லை.

அட்டாளைச்சேனையில் வீட்டிலிருந்தபடியே ஒரு கொழும்பு நிறுவனத்துக்கு அவள் செய்யும் வேலை, கருவிகளுக்கு விளக்கம் எழுதுவது. நிறுவனத்தின் வேலைகளைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட்டுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு உரையாடலையும் அது புதிதாகத்தான் தொடங்கும். முன்பு நடந்தவை குறிப்புகளாக வேறோர் இடத்தில் கிடக்கும். தேவைப்படும்போது அவற்றைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது. அதை எப்போது கூப்பிடுவது, எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் ஏஜென்ட் அறிந்துகொள்வது நதீரா எழுதும் வரிகளை வாசித்துத்தான். வரி பிசகினால் ஏஜென்ட்டும் பிசகும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. நெல் ஆலையில் வேலை செய்யும் கணவன் அப்ராஸுக்கு ஒருநாள் சோறு ஆறும்வரை விளங்கப்படுத்தினாள். இருட்டுக் களஞ்சியத்துக்குள் ஒரு கை போகிறது, கேட்ட நெல்லைப் போலிருக்கும் ஐந்து மூட்டைகளைத் தடவிப் பார்த்து எடுத்து வருகிறது, அவ்வளவுதான்.

"எந்தப் போகத்து நெல்லெண்டு அந்தக் கைக்குத் தெரியுமா புள்ள?" என்று அவன் கேட்டான்.

திகதியைச் சொல்லிக் கேட்டால் பார்க்கும், சொல்லாவிட்டால் பார்க்காது என்றாள்.

"மில்லுல அப்பிடி எடுத்துக் குடுத்தா முதலாளி என்னையும் சேத்துக் குத்திருவாரு."

அன்று இருவரும் சிரித்தார்கள்.

இப்போது அவள் கருவியின் பதிவேட்டைத் திறந்தாள். ஒப்பந்தப் பட்டியலைத் தயாரித்த ஏஜென்ட் முறைப்படி கருவியைக் கூப்பிட்டிருந்தது. நதீரா தொடர்ந்து வேலை செய்வாரா என்பது கேள்வி. திகதிக் கட்டம் வெறுமை. முதலில் வந்த மூட்டை, இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகக் குழுவில் அவளே எழுதியது: 'புள்ள கிடைச்சா வேலைய விட்டுருவன்.' இரண்டாவது, கர்ப்பமென்று அவள் அறிவித்தது. இவற்றுக்கு மாறாகப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. எட்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் எங்கும் எழுதவில்லை. மேலாளர் பளீலுக்குத் தொலைபேசியில் மட்டும் சொன்னாள். தொலைபேசியில் பேசியது களஞ்சியத்துக்குப் போவதில்லை. வீட்டிலும் உம்மா முதற்கொண்டு யாரும் அதைக் கதைப்பதில்லை. அதன்பிறகு அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பியது இந்த வேலைதான்.

பளீலுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பளீல் காக்கா, உங்களுக்குத் தெரியும்தானே. புள்ளய அடக்கிட்டு அவரு மையவாடியால வந்த கையோட உங்களுக்குத்தானே எடுத்த நான்."

ஓம், தெரியும் என்றான். எண்பது பேரின் பட்டியல், பெயர் பெயராகப் பார்க்க நேரமிருக்கவில்லை, கையெழுத்து வைத்துவிட்டானாம். அவளுடைய இடத்துக்கு ஆளும் எடுத்தாயிற்றாம்.

"ஆனா நதீரா, திகதி கட்டாயமில்லண்டு நீங்கதானே எழுதிரிக்கீங்க."

அவள்தான் எழுதினாள். பாவிப்பவருக்கு இலகுவாக இருக்கட்டும் என்று, ஒரு வரி மிச்சம் என்று, சந்தோசமாக எழுதினாள்.

போகுமுன் அந்தப் பக்கத்தைத் திருத்தித் தர முடியுமா என்று பளீல் தணிந்த குரலில் கேட்டான். அவளைப் போல விளக்கமாக எழுத வேறு ஆள் இல்லையாம்.

ளுஹர் தொழுதுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்து பக்கத்தைத் திறந்தாள். 'கட்டாயமில்லை' என்பதை அழித்து, 'கட்டாயம்' என்று எழுதினாள். ஏன் கட்டாயம் என்பதற்கு இரண்டு வரி எழுதினாள். நல்ல வரிகள். உதாரணத்தை ஓட்டிப் பார்க்காமல் பக்கத்தை அனுப்புவது அவளுக்குப் பழக்கமில்லை. இந்த மாதத் திகதியைப் போட்டு ஓட்டினாள். பழைய மூட்டை வரவில்லை. கருவி சரி.

பிறகு விரல்கள் தாமாகத் திகதியை எடுத்துவிட்டு, 'நதீராவின் பிள்ளை' என்று தட்டின.

ஐந்து மூட்டைகள் வந்தன. முதலாவதை எழுதியதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

'பிந்தினத்துக்கு மன்னிக்கணும். லப்டொப்ப மடியில வெச்சா உதைக்கிறாரு. டைப் பண்ண உடுறாரில்ல.'

பக்கத்தில், கேள்விக்கு நெருக்கம் தொண்ணூற்று நான்கு வீதம் என்றிருந்தது. மூலையில் அழிக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதை அமத்த அவளுக்கு அனுமதி இல்லை. குசினியிலிருந்து உம்மா தேத்தண்ணி ஆறுது என்றாள். நதீராவின் மடியில் லப்டொப் சூடாக, அசையாமல் இருந்தது.