சுவரில் இல்லாத உரிமம்

லார்னா உன்ரூவின் அறையில் உரிமம் மாட்டியிருந்த இடத்தில் ஒரு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மஞ்சளித்துப்போன சுவர். நடுவில் மட்டும் பழைய வெள்ளை.

“கண்ணாடி உடைஞ்சு போச்சு,” என்றார் லார்னா, ரோடா எங்கே பார்க்கிறாள் என்று கவனித்துவிட்டு. “புதுசு மாட்டணும். உட்காரு.”

செவ்வாய்க்கிழமை காலைகளில் ஒரு மணி நேரம் ரோடா ஃப்ரீசன் அந்த அறையில் உட்கார்ந்து, போன வாரம் மனநல ஆலோசனைக்குத் தன்னிடம் வந்தவர்களைப் பற்றிச் சொல்வாள். லார்னா கேட்பார், திருத்துவார், கையெழுத்துப் போடுவார். சட்டம் அப்படி. அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால் எழுந்து வரும்போது, கோட் மாட்டும் கம்பத்துக்குப் பின்னால் அந்த ஃப்ரேம் சுவரோடு சாய்த்து வைத்திருப்பதை ரோடா பார்த்துவிட்டாள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த காகிதத்தைத்தான் காணோம்.

யாரிடமும் பொய் சொல்லத் தெரியாதவர் லார்னா. அப்படிப்பட்டவர் ஒரு கண்ணாடிக்காக எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

காப்பி மேசையில் டுவைட் பெல்ச்சரிடம் வாய்விட்டுக் கேட்டதுதான் அவள் செய்த தப்பு. டுவைட் நல்லவன்தான். வாய்தான் ஊரளவு நீளம்.

“உரிமத்தைச் சுவத்துல மாட்டலைன்னா அதுவே குத்தம், தெரியுமா?” என்றான் கண்ணை அகல விரித்து. “வர்றவங்க பாக்குற மாதிரி மாட்டணும்னு சட்டமே சொல்லுது. லார்னாவுக்கா தெரியாது? வேற ஏதோ இருக்கு.”

“நீ ஒண்ணும் கிளப்பிவிடாத.”

“நான் எங்க கிளப்புறேன்? நான் முதல் படி, தாயி. வீடு பிடிச்சுத் தரலாம், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம், அழுதா டிஷ்யூ நீட்டலாம். நோய்க்குப் பேர் வைக்கக் கூடாது. நீ ரெண்டாம் படி. பேர் வைக்கலாம், ஆனா பின்னாடி லார்னா நிக்கணும். லார்னா மூணாம் படி. அவங்க வச்ச பேரு பேருதான், யாரையும் கேக்க வேண்டாம்.”

“பரீட்சை எழுதினவ நான். எனக்கே பாடமா?”

“பரீட்சையில இது வராது. பின்னாடி நிக்கிறவங்க வழுக்கினா முன்னாடி நிக்கிறவளும் சேர்ந்து விழுவா. பக்கத்து மாவட்டத்துல அப்படித்தான் ஆச்சு. மேல இருந்தவரோட உரிமத்தைப் பிடுங்கிட்டாங்க. கீழ இருந்த பொண்ணுங்க ரெண்டு பேரு பார்த்த அத்தனை மணி நேரமும் காத்துல போச்சு.”

அவன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டு போய்விட்டான். ரோடா காப்பியைத் தொட்டியில் கொட்டினாள்.

மூன்றாம் படி ஏற மூவாயிரம் மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். அவள் முக்கால்வாசி முடித்துவிட்டாள். அவள் கணவன் கேலன் போன வருடமே கான்சாஸின் மேற்குக் கோடிக்குப் போய்விட்டான். காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை. அங்கே இருக்கும் ஒரே ஆஸ்பத்திரி மூன்றாம் படிக்காரர்களைத்தான் சேர்க்கும். இலையுதிர் காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். கேலன் அங்கே பிடித்த வீட்டின் சமையலறைக்கு அவளுக்குப் பிடித்த நீலத்தில் வர்ணம்கூட அடித்துவிட்டான். லார்னாவின் கையெழுத்து செல்லாது என்றாகிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அன்று சாயங்காலம் உரிம வாரியத்தின் இணையப் பக்கத்தில் லார்னாவின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் யாருடைய உரிமத்தையும் பார்க்கலாம். லார்னாவுடையது செல்லுபடியாக இருந்தது. புகார் எதுவும் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நன்றாக இருக்கிற உரிமத்தை எதற்கு ஒளிக்க வேண்டும் என்ற கேள்விதான் வந்தது.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிடும். லார்னா தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினால் ரோடாவின் காது நீண்டது. லார்னா அவளுடைய மணிக்கணக்கை இரண்டு முறை விசாரித்தார். “இன்னும் எவ்வளவு பாக்கி? வேகமா முடிக்க முடியுமா?” முன்பானால் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டிருப்பாள். இப்போது, அகப்படுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார் என்று தோன்றியது.

சனிக்கிழமை முட்டை வாங்க ஊருக்குக் கிழக்கே போனவள், சரளைக்கல் சாலையில் லார்னாவின் பச்சை டிரக்கைப் பார்த்தாள். எம்மெட் ஷ்ராகின் வீட்டருகே, முள்மர வேலிக்குப் பின்னால், பின்பக்கம் மட்டும் தெரிய நின்றிருந்தது.

ரோடாவின் கால் தானாக பிரேக்கை அழுத்தியது.

எம்மெட் அவளிடம் வந்துகொண்டிருந்தவர். மனைவி ஆல்வினா இறந்தபின் அவர் சாப்பிடுவதே இல்லை என்று டாக்டர் அனுப்பிவைத்தார். நாலைந்து முறை வந்து கோதுமையைப் பற்றி மட்டும் பேசினார். தை மாதக் குளிரில் ஒருநாள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, “உன் மேல கோவமில்ல, பொண்ணே. ஆனா நான் சொல்றதை எல்லாம் நீ எழுதுற. எனக்கு எழுதாத ஆளுங்க போதும்,” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், பிறகு வரவில்லை. அவருடைய கோப்பு மூடப்படாமல் கிடந்தது. அதைப் படித்து மேற்பார்வை செய்தவர் லார்னா.

கோப்பில் இருக்கிற ஆளோடு நட்பு வைக்கக் கூடாது, விருந்துண்ணக் கூடாது. முதல் வருடம் படிக்கிறவர்களுக்கே அது தெரியும்.

அடுத்த சனிக்கிழமை முட்டை வேண்டியிருக்கவில்லை. இருந்தும் போனாள். டிரக் அதே இடத்தில். பிள்ளை குட்டி இல்லாத கிழவர், ஆற்றோரம் நல்ல நிலம், தனி வீடு. லார்னாவின் கண் அதன்மேலோ என்று நினைத்ததற்காகத் தானே கூசினாள். ஆனால் நினைப்பதை நிறுத்தவில்லை.

செவ்வாயன்று சோதித்துப் பார்த்தாள். “எம்மெட் ஷ்ராக் கோப்பை மூடிடலாமா? வர்றதே இல்லையே.”

லார்னாவின் பேனா நின்றது. “மூடிடு,” என்றார். பிறகு, “வேண்டாம், இரு. மூடினாலும் ஒண்ணும் மாறாது.” முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ரோடா அன்றிரவே வாரியத்துக்குப் புகாரை எழுதினாள். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தன் உரிமமும் போகும். சொன்னாலோ தன் மணிநேரங்கள் போகும். இரண்டு பக்கமும் பள்ளம். கேலனைக் கூப்பிட்டாள்.

“அவங்களைக் கேட்டியா?” என்றான் கேலன்.

“யாரை?”

“லார்னாவைத்தான். வேற யாரை?”

“கேட்டா ஒத்துக்குவாங்களா?”

“ஒத்துக்கிறாங்களோ இல்லையோ, முதல்ல அவங்களைத்தானே கேக்கணும். ஞாயித்துக்கிழமைப் பள்ளியில உனக்குப் பக்கத்துல உட்கார்ந்து நான்தானே படிச்சேன், மறந்துட்டியா?”

அவள் மறக்கவில்லை. அவர்களுடைய மெனோனைட் கிறிஸ்தவச் சபையில் நடக்கப் பழகும்போதே பழக்குகிற விஷயம் அது: ஒருவர்மேல் குறை உண்டென்றால், யாரிடமும் சொல்லுமுன், தனியாகப் போய் அவரிடமே சொல். அவளுடைய தொழிலின் நெறிமுறையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. அவளோ முதலில் டுவைட்டிடம் சொன்னாள், பிறகு இணையத்தைக் கேட்டாள், பிறகு வேலிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். போக வேண்டிய ஒரே இடத்துக்குப் போகவில்லை. புகாரை அனுப்பாமல் வைத்தாள்.

சனிக்கிழமை உச்சிவேளை. இம்முறை வேகத்தைக் குறைத்துக் கடந்து போகாமல், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். கோதுமை பச்சை விட்டு வெளிறத் தொடங்கியிருந்தது. சரளைக்கல்லில் நடந்து வேலியைச் சுற்றிப் போனாள்.

டிரக்குக்குள் லார்னா உட்கார்ந்திருந்தார். மடியில் துணி விரித்து, தட்டில் வெரெனிக்கா: பாலாடைக்கட்டி வைத்து அவித்த கொழுக்கட்டை, மேலே பன்றி இறைச்சிக் குழம்பு. முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“அடக் கடவுளே,” என்றார். “ஏறு உள்ள. வெயில்ல நிக்காத.”

ரோடா ஏறினாள். “நீங்க ஏன் இங்க... அவர் வீட்டுக்குள்ள...”

“உள்ள போகல. ஆல்வினா போனதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் போகல. அங்க பாரு.”

வீட்டின் ஜன்னல் டிரக்கைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் எம்மெட், சட்டைக் காலரில் கைக்குட்டை செருகி, அதே போன்ற தட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோடாவைக் கண்டதும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு முள்கரண்டியை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

“வாசல்ல வச்சுட்டு வந்து வண்டியில உட்காருவேன். அவரு எடுத்துட்டுப் போய் ஜன்னல்ல உட்காருவாரு. நான் ஒரு வாய், அவரு ஒரு வாய். நான் போயிட்டேன்னா அப்படியே நாய்க்கு வச்சிடுவாரு, அதனாலதான் காத்திருக்கேன்.” லார்னா வாயைத் துடைத்துக்கொண்டார். “ஆல்வினாவும் நானும் முப்பது வருஷம் ஒரே பாட்டுக்குழுவுல ஒரே வரிசையில நின்னவங்க. சாகுறதுக்கு முந்தி அவ என்கிட்டக் கேட்டது ஒண்ணுதான். எம்மெட்டைத் தனியா சாப்பிட விடாதன்னு.”

“அப்ப உரிமம்?”

லார்னா முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். மடிக்காத உரிமக் காகிதம், வாரியத்தின் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டின உறைக்குள்.

“வாரியத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஒரு வக்கீலம்மா பேசினாங்க, ரொம்ப மரியாதையாத்தான். மூணாம் படி உரிமம் கையில இருக்கிறவ, தன் அலுவலகத்துல கோப்பு இருக்கிற ஆளு வீட்டுல போய் அவரு துக்கத்தைக் கேட்டா, அதுக்குப் பேர் தொழில், இல்லாட்டி மீறல். ரெண்டுல ஒண்ணுதான், கோப்பை மூடினாலும் அப்படித்தான்னாங்க. பக்கத்து வீட்டுக்காரின்னு ஒரு வகை சட்டத்துல இல்லையான்னு கேட்டேன். இருக்கு, ஆனா நீங்க அது இல்லன்னாங்க.” லார்னா சிரித்தார். “சட்டத்தைக் குறை சொல்லல. நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். துக்கத்துல இருக்கிறவங்களை ஏமாத்துறவங்க உண்டு. வேலி வேணும்தான்.”

“அதனால உரிமத்தையே விட்டுடப் போறீங்களா?”

“தொழிலையும்தான். ஆலோசகர், பக்கத்து வீட்டுக்காரி, ரெண்டு பேராவும் ஒரே ஆளு இருக்க முடியாது. சுவத்துல அதைப் பார்க்கிறப்பல்லாம் பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு, கழட்டிட்டேன். கழட்டினதுக்கு உன்கிட்ட இன்னொரு பொய். மன்னிச்சிடு, கண்ணு.”

“ஏன் இன்னும் அனுப்பல?”

கேட்டு முடிப்பதற்குள்ளேயே விடை அவளுக்குத் தெரிந்துவிட்டது. லார்னா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “உன்னோட மணி நேரம் பாக்கி இருக்கே. கேலன் சமையலறைக்கு நீலம் அடிச்சதை நீதானே சொன்ன.”

ரோடாவின் முகம் கொதித்தது. அவளுடைய கணினியில் ஒரு புகார் இருக்கிறது. அதில் இந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அதைச் சொன்னாள். தாழ்ந்த குரலில், ஆற்றங்கரை நிலத்தைப் பற்றி நினைத்ததுவரை எல்லாவற்றையும்.

லார்னா முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். “நிலமா?” என்றார். “அந்த நிலம் ஒவ்வொரு வசந்தத்துலயும் வெள்ளத்துல மூழ்கும், அசடு.” பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். “வந்து கேட்டியே. அது போதும்.”

“டாக்டர் என்ன சொல்றாரு? எம்மெட் எப்படி?”

“இதயம். குளிர்காலம் பார்ப்பாருன்னு உறுதி இல்லையாம்.”

ஜன்னலில் எம்மெட் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். இலையுதிர் காலம்வரை லார்னா காத்திருந்தால், எம்மெட்டுக்கு மீதி இருக்கும் நாள் முழுக்க இப்படித்தான் போகும், இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடியும் ஒரு புல்வெளியும்.

“இதுவரைக்கும் நீங்க போட்ட கையெழுத்து செல்லுமா?”

“எல்லாம் செல்லும். மிச்சத்துக்குத்தான் வேற ஆள் வேணும். விச்சிட்டா நகரத்துல ஒருத்தங்க இருக்காங்க, நல்லவங்க. ஆனா அவங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் நேரம் இருக்கும். உனக்குத் தள்ளிப் போயிடும், ரோடா. கிறிஸ்துமஸும் தாண்டிடும்.”

ரோடா அந்த நீலச் சமையலறையை நினைத்தாள். பெட்டியிலிருந்து உறையை எடுத்தாள்.

“தபால் நிலையத்தை ஒரு மணிக்கு மூடிடுவாங்க,” என்றாள். “நான் போற வழிதான்.”

“நல்லா யோசிச்சியா?”

“கேலன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். காலித் தட்டை வாசல்ல வந்து எடுத்துக்கங்கன்னு அவரு பார்க்கிறாரு பாருங்க.”

அன்றிரவு அவள் புகாரை அழித்தாள். கேலனைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸும் தாண்டிவிடும் என்று சொன்னாள். “வர்ணம் எங்கயும் போயிடாது,” என்றான் அவன்.

திங்கட்கிழமை டுவைட் காப்பியோடு வந்து, லார்னாவின் அறைக்குள் தெரிந்த ஆணியைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினான். “என்னன்னு கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சேன். அவங்களையே கேளு, சொல்லுவாங்க.”

அவன் போய்க் கேட்டான். திரும்பி வந்தவன் அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் எம்மெட் வீட்டுக்கு விறகு வெட்டிக் கொடுக்கப் போனானாம். முதல் படிக்காரனும் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. காப்பி மேசையில்கூட அதை அவன் சொல்லவில்லை.

கோதுமை அறுவடை தொடங்கியது. உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டோம் என்று வாரியத்திலிருந்து லார்னாவுக்குப் பதில் வந்த பிறகு வந்த சனிக்கிழமை, ரோடா விச்சிட்டாவிலிருந்து திரும்பும் வழியில் சரளைக்கல் சாலையில் போனாள். பச்சை டிரக் வேலிக்குப் பின்னால் இல்லை. வாசலில், படியை ஒட்டி நின்றது. ஜன்னலில் யாரும் இல்லை. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரே மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும், வணக்கம் சொல்லும் அந்த ஊர் வழக்கப்படி, யாரும் பார்க்காவிட்டாலும், உயர்த்திவிட்டுப் போனாள்.