பழுது என்று ஒட்டிய பெட்டி

வேலை செய்கிற பெட்டியில் 'பழுது' என்று சீட்டு ஒட்டியது நான்தான். அதில் எனக்கு வெட்கமே இல்லை. அது எங்கள் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் சூட்டுப்பெட்டி. ஒரு வாரத்துக்குள் எதுவும் முளைக்காத தட்டுகளை இங்கே நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களில் சில மகா சோம்பேறிகள். ஆற அமர, மாதக் கணக்கில்தான் தலைகாட்டும். அவசரக்காரர்களிடமிருந்து அவற்றைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. பழுதான பெட்டியை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

மண், என் அக்கா வீட்டுக் குழாயடியிலிருந்து வந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளேதான் தோண்டிக் கொடுத்தாள். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஒன்று போன வருடம் அவளுடைய இடது காலை முழங்காலோடு வாங்கிவிட்டது. அதே கிருமியை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வளர்க்கிறேன். மண்ணுயிர் முளைத்த தட்டில் அதை ஊற்றினால் பாலாடைபோலப் படரும். எங்காவது படராமல் நின்றால், அங்கே ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது என்று அர்த்தம். நேற்றுதான் ஊற்றி வைத்தேன்.

இன்று காலை பழுதான சாமான்களை அப்புறப்படுத்த டைரக்டர் ஆட்களோடு வந்து நின்றார். ஆட்களில் ஒருவர் என் பெட்டியில் கை வைத்து, "சார், இது சூடா இருக்கு" என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டேன். கதவைத் திறந்து ஒரு தட்டை எடுத்தேன். நடுவே சாம்பல் நிறப் பொட்டு, அதைச் சுற்றிக் கிருமி படராத தெளிவான வட்டம். அப்படியே டைரக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மண்ணைக் கிளறுறத நிறுத்தச் சொன்னேனேம்மா. இது ஏற்கெனவே தெரிஞ்ச மருந்தாத்தான் இருக்கும்."

"இருக்கலாம் சார். பாக்காமலே தூக்கிப் போட்டா எப்படித் தெரியும்?"

"புதுசாவே இருக்கட்டும். மருந்தா வரப் பல வருஷம் ஆகும். உங்க அக்காவுக்குப் போன கால் திரும்பி வரப்போகுதா?"

கோபம் தலைக்கேறியது. "இன்னொரு கால் இருக்கே சார்!"

நான் பெட்டியை மறித்துக்கொண்டு நின்றேன். தூக்குவதென்றால் என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். டைரக்டர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்களிடம், "இது ஓடுற பெட்டிதான். அடுத்ததைப் பாருங்க" என்றார்.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னடி, செத்துச்சா?"

"நடுவுல கொஞ்சம் செத்திருக்குக்கா."

"கொஞ்சம்தானா? இன்னும் மண்ணு வேணும்னா சொல்லு. வீட்டைச் சுத்தித் தோண்டிடறேன்."