மூன்றாவது மிஸ்டு கால்

1

மாலை ஆறு நாற்பதுக்கு ஜெயபாரதி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, கணவருக்கு இரண்டு மிஸ்டு கால் கொடுத்தாள்.

இந்த வாக்கியத்தை எழுதி ஒரு மாதம் ஆகிறது. இதற்கு மேல் நகரவில்லை. இது கதையாகத் தொடங்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். குவைத்தில், ஃபர்வானியாவில், நாங்கள் முன்பு குடியிருந்த கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் கனகா இருக்கிறாள். கார் உரசிய ஒரு சின்ன விஷயத்துக்காக அவளைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது திருச்சியில் இருக்கும் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, போலீஸ்ல எப்படிப் பேசணும்? நீங்க பேசியிருக்கீங்கல்ல."

எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதினேன். குரலை உயர்த்தாதே. சிவில் ஐடி அட்டையைக் கையிலேயே வைத்திரு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். புரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதே; படித்துக் காட்டச் சொல், சொல்லும்போது 'ப்ளீஸ்' சேர்த்துக்கொள். ஐந்தாவதாக என்ன எழுதலாம் என்று யோசித்தபோது தோசைக்கல் வந்துவிட்டது. கனகாவுக்கு நான்கு வரியை மட்டும் அனுப்பினேன். மிச்சம் இது.

ஜெயபாரதி நான்தான். 'நான்' என்று எழுதினால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 'அவள்' என்று எழுதினால் அவளைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பின்னாலேயே போக முடிகிறது.

2

சேதுமாதவன் ஒரு கட்டுமான கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். சாயங்காலம் கம்பெனி வேன் அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு ஐந்து நிமிட நடை. கல்யாணமாகி ஜெயபாரதி குவைத்துக்கு வந்த புதிதில், ரீசார்ஜ் கார்டு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு முறை அடித்து நிறுத்தினால், கல் போட்டாச்சு, வாங்க. இரண்டு முறை அடித்தால், வரும்போது தயிர். பிறகு எவ்வளவு பேசினாலும் செலவில்லாத காலம் வந்தது. ஏற்பாடு மாறவில்லை.

"ஒரு நாளாவது எடுத்துப் பேசினா என்னங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"எடுக்கறதாவது. சட்டைப் பையில இருந்து வெளியவே வராது. அதிருது, எண்ணிக்கறேன்."

"ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாலும் தயிர் வாங்கிட்டு வந்துடுவீங்களா?"

"ஆபீஸ் அதிர்றது வேற மாதிரி இருக்கும்."

"எல்லாம் ஒரே ஃபோன்தான்."

"உனக்கு ஒரே ஃபோன். நெஞ்சு மேல வச்சிருக்கறவன் நான்."

அந்த நெஞ்சைக் கடைசியாகத் தொட்டபோது அவள்

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

அன்று இரண்டு முறை அடித்த பிறகு சட்னிக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கீரைக் கட்டுக்குப் பின்னால் முழு டப்பா தயிர், மூடி கூடத் திறக்காமல். முந்தின நாள் அவரே, கேட்காமலேயே, வாங்கி வைத்திருக்கிறார்.* வேண்டாம் என்று சொல்வதற்கு அவர்களிடம் எண்ணிக்கை எதுவும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை. அவள் மூன்றாவது முறையாக அடித்தாள்.

தயிர் விற்கும் பக்காலா, சின்ன மளிகைக்கடை, ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆறு நாற்பத்து மூன்றுக்கு, நடுரோட்டில், ஒரு கார் அவரை இடித்தது.

* இந்த டப்பாவைக் கதைக்காக நான் கொண்டுவந்து வைக்கவில்லை. கதைக்காக என்றால் எடுத்திருப்பேன்.

3

அவளைக் காவல் நிலையத்துக்குள் அனுப்புமுன் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள்.

மகள் ஷ்ருதிக்கு அப்போது எட்டு வயது. கடற்கரைக்குப் போகும் வழியில், ஆகஸ்ட் மாத மத்தியானத்தில், ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தினார். சேதுமாதவன் என்ஜினை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டார், சலாம் சொன்னார். போலீஸ்காரர் அரபியில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்.

"சார், எனக்கு அரபி படிக்கத் தெரியாது. என்ன தப்பு என்று தெரிந்துகொண்டு போடுகிறேன். ப்ளீஸ்."

ஆங்கிலம் தெரிந்த இன்னொருவர் வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் போலீஸ்காரர் இரண்டு முறை குரலை உயர்த்தினார். இரண்டு முறையும் சேதுமாதவன் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னார். வந்தவர் பின்சீட்டைக் காட்டினார். குழந்தை பெல்ட் போடவில்லை. சேதுமாதவன் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். "யெஸ் சார். மை மிஸ்டேக்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கார் கிளம்பியதும் ஜெயபாரதி பிடித்துக்கொண்டாள். "இதைத்தானே அவன் முதல்லயே கையைக் காட்டிச் சொன்னான். நாற்பது நிமிஷம் வெயில்ல வேகவிட்டீங்களே."

"அவர்."

"என்னது?"

"அவன் இல்ல, அவர். கண்ணாடியை ஏத்திட்டாலும் அவர்தான்."

"சரி, அவர். நம்ம தப்புதானே?"

"நம்ம தப்புதான். அது இப்பத்தானே எனக்குத் தெரியும்?"

"அப்பா, ஏசி ப்ளீஸ்" என்றாள் ஷ்ருதி.

4

வியாழக்கிழமை காலை. விபத்து நடந்த மறுநாள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஜெயபாரதி, ஷ்ருதி, கலீலுர் ரஹ்மான். கலீல் அதிராம்பட்டினத்துக்காரர், கம்பெனியில் காகித வேலைகளையெல்லாம் பார்ப்பவர். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி.

இந்த அதிகாரி எனக்குத் தொந்தரவாக இருக்கிறார். முதல் வரைவில் அவருக்குக் கடுகடுத்த முகம் கொடுத்தேன். உண்மையில் அவர் தூக்கம் கெட்ட, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர். தேநீர் வரவழைத்தார். ஷ்ருதிக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்டார். கொடுமைக்காரரிடம் உரிமையைக் கேட்பது ஒரு வகை. தேநீர் கொடுத்தவரிடம் கேட்பது நன்றிகெட்ட வேலை மாதிரி இருக்கிறது. கனகாவுக்கு அனுப்பிய நான்கு வரியில் இது இல்லை.

"அண்ணி, ரெண்டு எடத்துல கையெழுத்து" என்றார் கலீல். "இன்னைக்கு முடிஞ்சா ராத்திரி ஃபிளைட்டுக்கே அண்ணனை ஏத்திரலாம். நாளைக்கு வெள்ளி, அப்புறம் சனி. விட்டா ஞாயித்துக்கெழமைதான்."

"இதுல என்ன எழுதியிருக்கு கலீல்?"

"நடந்ததுதான் அண்ணி."

"படிச்சுச் சொல்லுங்க."

கலீல் தாளைப் பார்த்தார். "எனக்கு ஓத வரும். அர்த்தம் பிடிபடாது. நான் பேசுற அரபி வேற, இது வேற. ஃபார்மாலிட்டிதான் அண்ணி, போடுங்க."

ஜெயபாரதி பேனாவை மேஜைமேல் வைத்தாள். அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசினாள். நான் தமிழில் எழுதுகிறேன். "சார், உங்கள் வேலைக்கு இடைஞ்சல் செய்ய நினைக்கவில்லை. எனக்கு அரபி தெரியாது. மொழி தெரிந்தவர் படித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். ப்ளீஸ்."

"மொழிபெயர்ப்பாளர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், மேடம். இது சாதாரணப் பேப்பர்."

"ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் சார்."

"அண்ணி, ஊர்ல எல்லாரும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். எழுதலாமா என்றுதான் தெரியவில்லை. ஞாயிறு என்று அதிகாரி சொன்னபோது அவளுக்குள் ஏதோ ஒன்று லேசானது. இன்னும் மூன்று நாள் சேதுமாதவன் இதே ஊரில் இருப்பார். ஒரு குளிர் அறையில்தான். ஆனாலும் டாக்ஸி பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில். விமானத்தில் ஏற்றிவிட்டால் அதுவும் முடிந்தது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவள் படித்துக் காட்டுவதற்காக மட்டும்தான் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

5

நான்காம் பகுதியை ஷ்ருதி படித்தாள். இப்போது இங்கே கல்லூரியில் படிக்கிறாள்.

"அம்மா, பேனாவை நீ வைக்கல. தூக்கித் தரையில போட்ட."

"கை தவறி விழுந்திருக்கும்."

"நோ. போட்ட. ரூமே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் நீயே குனிஞ்சு எடுத்து, துடைச்சு, 'சாரி சார்'னு அவர்கிட்ட குடுத்த. அப்புறம்தான் அந்த ப்ளீஸ் எல்லாம்."

எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. ஆனால் அவள் அங்கே இருந்தாள். ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். ஜெயபாரதி பேனாவைத் தரையில் போட்டாள். எடுத்தாள். துடைத்தாள்.

"சண்டே என்ன நடந்துச்சுன்னு எழுதியாச்சா?" என்று கேட்டாள். "அன்னைக்கு என்னை வெளிய உக்கார வச்சிட்ட."

"எழுதிட்டிருக்கேன்."

6

ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பாளர் நேரில் வரவில்லை. ஸ்பீக்கர் ஃபோனில் வந்தார். தாரிணி என்று பெயர். யாழ்ப்பாணத்துக் குரல். "அம்மா, நான் ஒவ்வொரு வரியா வாசிக்கிறன். விளங்கேல்லை எண்டா நிப்பாட்டுங்கோ."

நேரம், இடம், வண்டி எண். பிறகு இது: கடக்கும் இடமல்லாத இடத்தில், கையிலிருந்த ஃபோனைப் பார்த்தபடியே இறந்தவர் ரோட்டில் இறங்கினார் என்று வண்டி ஓட்டியவர் சொல்கிறார். இறந்தவரின் மனைவி இதை ஏற்கிறார்.

ஜெயபாரதி நிறுத்தச் சொன்னாள்.

"நான் அங்கே இல்லை. பார்க்காத ஒன்றை நான் ஏற்கிறேன் என்று எழுத வேண்டாம். தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள்."

தாரிணி அரபியில் சொன்னார். அதிகாரி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அந்த வரியை அடித்தார். பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். வழக்கமான கதை என்றால் இங்கே முடித்திருப்பேன். பணிவாகக் கேட்டாள், கிடைத்தது. கனகாவுக்கும் உபயோகமாக இருக்கும்.

ஆனால் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். சேதுமாதவனின் ஃபோன் விவரம். 6.41, 6.41, 6.43.

"மூன்றும் நீங்கள் செய்ததா?"

"ஆமாம் சார். எடுப்பதற்காகச் செய்ததில்லை." ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று சொன்னாள். அவர் ஃபோனைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார், எண்ணிக்கொள்வார் என்றாள். சொல்லும்போது குரல் நேராகத்தான் இருந்தது. மறுமுனையில் தாரிணி அதை அரபியில் சொன்னார்.

அதிகாரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் கேட்டதைத் தாரிணி தமிழில் சொன்னார்.

"மூண்டு எண்டால் என்ன எண்டு கேக்கிறார் அம்மா." அதிகாரி மேலும் ஏதோ சொன்னதும், "இதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லோணும் எண்டு இல்லையாம். சொன்னால் எழுதுவாராம்."

7

மூன்றுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது என்றால், அவர் எண்ணிக்கொண்டு, கண்ணை ரோட்டில் வைத்துத்தான் நடந்திருப்பார்; வண்டி ஓட்டியவர் சொல்வது பொய். மூன்றுக்கு அர்த்தமே இல்லை என்றால், இது என்ன புதுசாக என்று, பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக, ஃபோனை வெளியே எடுத்திருப்பார். அப்படியென்றால் அந்த மனிதர் சொல்வது உண்மை.

ஒரு முடிவு. "மூன்று என்றால் சீக்கிரம் வாங்க" என்கிறாள். மறுத்துச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. சேதுமாதவன் ஒழுங்காக ரோட்டைப் பார்த்து நடந்தவராக ஊருக்குப் போகிறார். இந்த முடிவை நான் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். முகம் தெரியாத அந்த வண்டிக்காரர் அதில் எங்கே உட்காருவார் என்பதைத்தான் எழுதவில்லை.

இன்னொரு முடிவு. "நன்றி சார், இதற்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை." அவளுக்கு அந்த உரிமை இருந்தது, அவர்களே சொன்னார்கள். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. தயிர் டப்பா ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று. "மூன்றுக்கு அர்த்தம் எதுவும் இல்லை சார். தயிர் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்." இதைத் தன் மகளிடம் சொல்வதற்கு முன்னால், மாமனாரிடம் சொல்வதற்கு முன்னால், ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்நியரிடமும் முகம் தெரியாத ஒரு பெண்குரலிடமும் சொல்லிவிடுகிறாள். இந்த முடிவில் மட்டும் சேதுமாதவன் காருக்குள்ளிருந்து திரும்பி

(இதையும் விட்டுவிடுகிறேன்.)

மூன்றையும் ஷ்ருதி படித்தாள். டப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீ என்ன சொன்ன?" என்றாள்.

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"அது சீட்டிங்ம்மா."

ஏமாற்றுத்தான். உங்களிடமும் அதையேதான் செய்யப்போகிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தேநீர் வந்திருக்கிறது. ஃபோனில் தாரிணி காத்திருக்கிறார். நீங்கள் என்ன சொன்னாலும் அவர் ஒரு சொல் குறையாமல் அந்தப் பக்கம் சேர்ப்பார், அதிகாரி எழுதிக்கொள்வார்.

நான் சொன்னதை அவர் அந்தத் தாளின் அடியில், அடித்த வரிக்குக் கீழே, ஒரே வரியாக எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி நான் கேட்டேன். தாரிணி படித்தார். சரி என்றேன், கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி விமானத்தில் அவரோடு நாங்களும் வந்தோம். தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. வலமிருந்து இடமாக, அந்த வரியில் ஏழு சொற்கள் இருக்கின்றன.