வெளியே உட்காரும் உறுப்பினர்

"தெரிஞ்சவங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டா, உள்ள யாருப்பா பேசுவாங்க?"

லிஃப்ட் இன்ஜினியரின் சின்ன மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இப்படிக் கேட்டாள். அவர் பதில் தேடுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"தெரியாதவங்க பேசுவாங்கடி. அதனாலதான் உங்கப்பா வீட்டுக்கு வர இவ்வளவு நேரமாகுது."

ஊரிலிருந்த கல்லூரி, தன் ஆட்சிக்குழுவில் சம்பளமில்லாமல் சேவை செய்யத் தொழில் வல்லுநர்களை அழைத்திருந்தது. ஓர் ஆடிட்டர், ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், ஒரு விளம்பரக்காரர், பிறகு இவர். எல்லோரும் நல்ல மனிதர்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பித்தளை பேட்ஜ் கொடுத்தார்கள். 'என் திறமை உங்களுக்கே' என்று அதில் எழுதியிருந்தது.

முதல் கூட்டத்திலேயே வக்கீல் ஒரு விதி கொண்டுவந்தார். ஒருவருடைய சொந்தத் தொழில் சம்பந்தமான பேச்சு வந்தால், அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். தனக்கு ஆதாயம் தேடிக்கொண்டார் என்று நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதல்லவா?

விதி நல்ல விதிதான். கணக்குவழக்கு வந்தபோது ஆடிட்டர் வெளியே போனார். பல் டாக்டர் வரவுசெலவை விளக்கினார். ஒப்பந்தம் வந்தபோது வக்கீல் வெளியே போனார். விளம்பரக்காரர் ஷரத்துகளைப் படித்துவிட்டு, சப்பென்று இருக்கின்றன என்று பாதியை அடித்தார். யாருக்கும் குறையில்லை. சொந்தத் தொழிலில் வாயைத் திறந்தால் பொறுப்பு தலையில் விழும். அடுத்தவர் தொழிலுக்குக் கருத்து மட்டும் இருந்தால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியின் ஒரே லிஃப்ட் மூன்றாவது மாடியில் படுத்துவிட்டது. குழு தீர்மானிக்காமல் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடக் கூடாது. அதுவும் வக்கீல் கொண்டுவந்த விதிதான்.

கூட்ட அறையும் மூன்றாவது மாடியில்தான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் போட்டுப் படியேறுவதையே மறந்துவிட்டிருந்த இன்ஜினியர், அன்று நாக்குத் தள்ள ஏறி வந்து சேர்ந்தார். உட்காரவில்லை, லிஃப்ட் பேச்சு வந்துவிட்டது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். கொஞ்சம் காத்தாட வெளிய உட்காருங்க," என்றார் வக்கீல், பிரியமாக.

வெளியே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு ஊன்றுகோல்களும் சுவரில் சாய்ந்திருந்தன. இவரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க சார். இப்படி மூச்சு வாங்குதே!"

"ஐயோ, நீ உட்காரும்மா."

"நான் ஏறி முடிச்சு ரொம்ப நேரமாச்சு. நீங்கதான் இப்ப ஏறுனவரு."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முழங்கால்கள் அவரைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டன.

"உனக்கு கிளாஸ் இல்லையாம்மா?"

"பக்கத்து ரூம்ல நடக்குது. நான் வந்து சேர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. தினமும் இதே கூத்துதான். பரீட்சை அன்னைக்கும் சாத்திட்டா என்ன பண்றது? 'போதும், வீட்டோட இரு'ன்னு அம்மா ஆரம்பிச்சாச்சு. இந்த மாசம் பாப்பேன் சார், அப்புறம் நின்னுடுவேன்."

"உள்ள லிஃப்டைப் பத்திதான் பேசுறாங்க."

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா! உள்ள லிஃப்ட் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சார்?"



கதவு வழியாகப் பல் டாக்டரின் குரல் கேட்டது. "ஆடுறத வச்சிருக்கக் கூடாது. வேரோட எடுத்துடணும்!" விளம்பரக்காரர் அதற்கு ஒப்பவில்லை. படிக்கட்டுக்கு 'உயரும் பாதை' என்று ஒரு போர்டு வைத்தால் லிஃப்டை யார் தேடப்போகிறார்கள் என்றார். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

இன்ஜினியர் வீட்டுக்கு வந்து வக்கீலுக்குப் போன் செய்தார்.

"காசே வேண்டாம் சார். நானே சும்மா பார்த்துக் கொடுத்துடறேன்."

"சும்மாவா? அது இன்னும் மோசம் சார்! சும்மா கொடுத்தா அன்பளிப்பு. அன்பளிப்புக்குத் தனித் தீர்மானம் வேணும். அதைப் பேசும்போதும் நீங்க வெளியதான்!"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள்தான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டாள். அன்று பிரார்த்தனையில் அவர் தனக்கென்று எதையும் வேண்டவில்லை. ஒரு நாற்காலி கடன் இருக்கிறது, அதை எப்படி அடைப்பது என்று மட்டும் கேட்டார். பெரிய காரியங்களைக் குழுக்களிடம் விட்டுவைக்கும் கடவுள், சின்னக் காரியங்களுக்கு ஒற்றை ஆளைத்தான் தேடுகிறார் போலும்.

அடுத்த கூட்டத்துக்கு ஏறும்போது, முதல் மாடிப் படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஏறுங்க சார். இன்னும் பெல் அடிக்கல, நான் மெதுவா வர்றேன்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மேலே லிஃப்ட் பேச்சு வந்தது. வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே இவர் எழுந்துவிட்டார்.

வராந்தாவில் யாரும் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. நேராக லிஃப்டிடம் போனார். கதவு முழுதாக மூடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றிருந்தது. கதவு மூடாவிட்டால் எந்த லிஃப்டும் நகராது. குனிந்து செல்போன் வெளிச்சத்தில் கதவு ஓடும் பள்ளத்தைப் பார்த்தார். மூலையில் ஏதோ மின்னியது. கார் சாவியால் நெம்பி வெளியே எடுத்தார்.

பித்தளை பேட்ஜ். 'என் திறமை உங்களுக்கே.'

விளம்பரக்காரரின் சட்டை சில நாளாக மொட்டையாக இருந்தது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சத்தமில்லாமல் சிரித்தார். பேட்ஜைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவு வழுக்கிக்கொண்டு வந்து மூடிக்கொண்டது. அம்புக்குறி எரிந்தது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து, உள்ளே ஏறி ஒரு மாடி இறங்கிப் பார்த்தார், திரும்ப ஏறிப் பார்த்தார். குலுங்கலில்லை, முனகலில்லை.

"லிஃப்ட்காரரே, உள்ள வாங்க!" அறையிலிருந்து வக்கீல் கூப்பிட்டார். "துணைக்குழு போட்டாச்சு! டாக்டர்தான் தலைவர்!"

"இதோ வந்துட்டேன்!"

உள்ளே கையை நீட்டி முதல் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு விலகினார். லிஃப்ட் காலியாக இறங்கியது. முதல் மாடியில் அது நின்று கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, லிஃப்டின் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, துணைக்குழுவை வாழ்த்த உள்ளே போனார்.